தேர்வுக்கு முன் வரும் கனவு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

முன்னுரை

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறக்கத்தில் கழிக்கின்றான். அறுபது ஆண்டு வாழ்ந்தவர் இருபது ஆண்டு உறங்கியிருப்பார். பத்தாம் வகுப்பில் இருக்கும் நமக்கு இந்தக் கணக்கைக் கேட்டவுடன் வியப்பைவிட ஆசையே முதலில் எழுகின்றது. ‘இத்தனை மணி நேரமா வீணாகிறது? இதில் பாதியைப் படிப்புக்கு எடுத்துக் கொண்டால் எத்தனை பாடம் முடிக்கலாம்!’ என்று எண்ணுகிறோம். பொதுத்தேர்வு நெருங்க நெருங்க நாம் முதலில் கைவைப்பது உறக்கத்தின் மீதுதான்.

எங்கள் வகுப்பில் இப்போது காலை மணி அடிக்குமுன் பாடத்தைப் பற்றிய பேச்சைவிடக் கனவைப் பற்றிய பேச்சே மிகுதி. ஒருத்தி கனவில் தேர்வுக்கூடத்தின் வாசலில் நிற்கிறாள். நுழைவுச் சீட்டைக் காணவில்லை. இன்னொருத்தி அறிவியல் படித்துவிட்டுப் போகிறாள். கையில் கொடுப்பதோ கணக்கு வினாத்தாள். மற்றொருத்திக்குப் பேனாவில் மை வரவில்லை. விடுதித் தோழி ஒருத்தி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள். கால் நகரவே மறுக்கிறது. வீட்டில் சொன்னால், “விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்களே!” என்று பாட்டி கவலைப்படுகிறார். அதைக் கேட்டவள் மறுநாள் கண்ணை மூடவே அஞ்சுகிறாள்.

இந்தக் கனவுகள் ஏன் வருகின்றன? இவை வரப்போவதைச் சொல்கின்றனவா? மனக்கவலைக்கும் உறக்கத்துக்கும் கனவுக்கும் உள்ள உறவு என்ன? நூலகத்தில் தேடியும் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டும் நாங்கள் அறிந்தவற்றை இங்கே தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்ல விழைகிறோம்.

உறங்கும்போது நாம் சும்மாவா இருக்கிறோம்?

உறக்கம் என்பது விளக்கை அணைத்தது போன்ற ஒரு நிலை என்றே நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், மூளையில் எழும் மிக மெல்லிய மின் அலைகளைத் தலையின் மேலிருந்தே பதிவு செய்ய முடியும் என்று 1929ஆம் ஆண்டு வெளியிட்டார். அதன் பிறகுதான் உறங்கும் மூளையை ஆராய வழி பிறந்தது.

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நத்தானியேல் கிளைட்மன் என்ற பேராசிரியரிடம் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர் ஆராய்ச்சி செய்து வந்தார். அவர் தம் எட்டு வயது மகனின் கண் அருகில் மின்முனைகளை ஒட்டி இரவு முழுவதும் விழித்திருந்து கவனித்தார். உறங்கும் சிறுவனின் மூடிய இமைகளுக்குள் கண்கள் சில வேளைகளில் அங்குமிங்கும் வேகமாக ஓடின. அந்நேரத்தில் மூளையின் அலைகளோ விழித்திருப்பவரின் அலைகளைப் போலவே இருந்தன. அப்படி ஓடும்போது பலரை எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். ஆசிரியரும் மாணவரும் இதை 1953ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தனர். இந்த நிலைக்கு ‘விரைவிழி உறக்கம்’ என்று பெயர்.

இரவு உறக்கம் ஒரே சீரானது அன்று. முதலில் மேலோட்டமான உறக்கம், பிறகு ஆழ்ந்த உறக்கம், அதன் பின் விரைவிழி உறக்கம் என்று ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 90 நிமிடம் ஆகும். நன்றாக உறங்குபவர் ஓர் இரவில் நான்கு அல்லது ஐந்து சுற்றுகளை முடிக்கிறார். இதில் நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியில் மிகுதி. கனவு மிகுந்த விரைவிழி உறக்கமோ முதற்சுற்றில் சில நிமிடங்களே இருந்து, விடியும் நேரத்துச் சுற்றுகளில் நீண்டு கொண்டே போகிறது.

விரைவிழி உறக்கத்தில் இன்னொரு விந்தையும் நிகழ்கிறது. கண்ணையும் மூச்சையும் இயக்கும் தசைகளைத் தவிர உடலின் பெரிய தசைகள் எல்லாம் செயலற்றுத் தளர்ந்து விடுகின்றன. கனவில் ஓடும்போது நாம் கட்டிலை விட்டு எழுந்து ஓடாமல் இருப்பதற்கு இதுவே காரணம். இறைவன் நம்மைப் படைத்ததில் எத்தனை கவனம் பாருங்கள்!

மன அழுத்தம் உடலில் செய்வது என்ன?

‘மன அழுத்தம்’ என்ற சொல் இன்று எல்லார் வாயிலும் வருகின்றது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி, உடலுக்கு வரும் இடையூறு குளிரானாலும் காயமானாலும் நஞ்சானாலும் உடல் அதற்குப் பெரும்பாலும் ஒரே வகையில்தான் பதில் தருகிறது என்று 1936ஆம் ஆண்டு எழுதினார். மன அழுத்தம் பற்றிய இக்கால ஆராய்ச்சிகளுக்கு அது ஒரு தொடக்கம் எனலாம்.

எதிரே பாம்பைக் கண்டால் என்ன ஆகிறது? இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் இரத்தத்தில் கலக்கின்றன. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. பாம்பு போய்விட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

தேர்வு என்பது அப்படி உடனே ஊர்ந்து போய்விடும் பாம்பு அன்று. மாதக்கணக்கில் நம் எதிரே படம் எடுத்து நிற்கிறது. பகலெல்லாம் படிப்பும் டெஸ்ட்டும் மதிப்பெண் பட்டியலும். இரவில் படுத்த பிறகும் ‘அந்த வரைபடத்தை இன்னும் பார்க்கவில்லையே’ என்று மனம் குடைகிறது. கார்டிசால் இயல்பாக நள்ளிரவையொட்டி மிகக் குறைந்து, விடியலை நோக்கி மெல்ல உயர்ந்து நம்மை எழுப்ப வேண்டும். கவலை உள்ளவர்களுக்கு மாலையிலும் அது தணியாமல் இருப்பதுண்டு. அப்போது படுத்தால் உறக்கம் வர நேரமாகும். ஆழ்ந்த உறக்கம் குறையும். நடு இரவில் அடிக்கடி விழிப்புத் தட்டும்.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது. அச்சத்தை உணர்த்தும் ‘அமிக்டலா’ என்ற சிறு பகுதி மூளையின் உட்புறத்தில் உள்ளது. உறக்கம் கெட்ட மறுநாள் அது சிறு செய்திக்கும் பெரிதாகத் துள்ளுகிறது. முதல் நாள் பத்து மதிப்பெண் குறைந்தால் ‘அடுத்த முறை பார்த்துக் கொள்ளலாம்’ என்று சொன்ன அதே பெண், உறங்காத மறுநாள் இரண்டு மதிப்பெண் குறைந்ததற்கே அழுகிறாள். அந்த அழுகை அன்றிரவு உறக்கத்தை மீண்டும் கெடுக்கிறது. கவலை உறக்கத்தைத் தின்ன, உறக்கமின்மை கவலையை வளர்க்கிறது.

கவலை கனவில் புகுவது எப்படி?

கவலை உள்ளவர்கள், “இரவு முழுவதும் கனவுதான்” என்று சொல்வார்கள். அதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. கனவு எல்லாருக்கும் ஒவ்வோர் இரவும் வருகின்றது. இடையில் விழிக்காமல் உறங்கினால் அவை மறந்து போகும். கனவின் நடுவே விழித்தால் நினைவில் நிற்கும். கவலையுள்ளவர் அடிக்கடி விழிப்பதால் அதிகம் நினைவு வைக்கிறார்.

கனவின் கதையையும் கவலை மாற்றுகிறது. 1989ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அப்பகுதிக் கல்லூரி மாணவர்களையும், நிலநடுக்கம் தொடாத அரிசோனா மாநில மாணவர்களையும் மூன்று வாரம் தங்கள் தீய கனவுகளைக் குறித்து வைக்கச் சொன்னார்கள். நிலநடுக்கப் பகுதி மாணவர்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு தீய கனவுகள் வந்தன. அவற்றுள் பல நிலநடுக்கத்தைப் பற்றியவையே.

ஒரு நாடு முழுவதுமே அச்சத்தில் வாழ்ந்தபோது கனவுகள் எப்படி இருந்தன என்பதற்கும் சான்று உண்டு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டு முதல், பெர்லினில் வாழ்ந்த சார்லட் பெராட் என்ற பெண் எழுத்தாளர் அக்கம்பக்கத்தாரின் கனவுகளைக் கேட்டு இரகசியமாகக் குறித்து வந்தார். 1939இல் அவர் நாட்டை விட்டுத் தப்பினார். 1966இல் அவற்றை நூலாக வெளியிட்டார். அதில் ஒரு மருத்துவரின் கனவு வருகிறது. மாலையில் வேலை முடிந்து வீட்டில் அமைதியாகப் படித்துக் கொண்டிருக்கிறார். திடீரென்று அறையின் சுவர்கள் மறைந்து போகின்றன. சுற்றிப் பார்த்தால் எந்த வீட்டுக்கும் சுவரே இல்லை! யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒற்றர்கள் கேட்டுக் கொண்டிருந்த காலம் அது. பகலில் வாய்விட்டுச் சொல்ல முடியாத அச்சத்தை அவருடைய கனவு படமாக வரைந்து காட்டிவிட்டது.

2020ஆம் ஆண்டு கொரோனா பரவி நாம் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தோமே, அப்போதும் பல நாடுகளில் மக்கள் வழக்கத்தைவிட அதிகமாகவும் தெளிவாகவும் கனவு கண்டதாகச் சொன்னார்கள். நோயச்சம் ஒரு காரணம். வேலைக்கும் பள்ளிக்கும் ஓட வேண்டாததால் பலர் காலையில் கூடுதலாக உறங்கினர். அந்த நேரம் கனவு மிகுந்த நேரம் அல்லவா? அதுவும் ஒரு காரணம்.

இவற்றிலிருந்து ஒன்று விளங்குகிறது. நமது நுழைவுச் சீட்டுக் கனவும் மை வராத பேனாவும் எங்கிருந்தோ வந்த எச்சரிக்கைகள் அல்ல. பகலில் நாம் சுமக்கும் கவலையே இரவில் வேறு உடை உடுத்தி வருகிறது.

கனவில் தோற்றவர் தேர்வில் தோற்றாரா?

இந்தக் கேள்வியை உண்மையாகவே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எங்கள் வகுப்பில் எழுந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

பிரான்சு நாட்டில் மருத்துவப் படிப்பைத் தொடர மாணவர்கள் கடும் போட்டித் தேர்வு ஒன்றை எழுத வேண்டியிருந்தது. பாரிசு நகரில் உறக்கத்தை ஆராயும் மருத்துவர் இசபெல் ஆர்னுல்ப் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் தேர்வு எழுதிய மாணவர்களிடம் கனவைப் பற்றிக் கேட்டனர். 719 பேர் பதில் அளித்தனர். தேர்வுக்கு முந்திய இரவில் மட்டும் 100க்கு 60 பேர் தேர்வைப் பற்றிக் கனவு கண்டிருந்தனர். அக்கனவுகளில் 100க்கு 78 இடர் நிறைந்தவை. தாமதமாகப் போவது, விடை மறந்து போவது ஆகியவையே அவற்றுள் மிகுதி. அதாவது, எங்கள் வகுப்புப் பெண்கள் கண்ட அதே கனவுகள்!

முடிவு என்ன தெரியுமா? தேர்வைப் பற்றிக் கனவு கண்டவர்கள், காணாதவர்களைவிடச் சராசரியில் சற்று அதிக மதிப்பெண்ணே பெற்றிருந்தனர். 2014ஆம் ஆண்டு இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. கனவு கண்டதால்தான் மதிப்பெண் வந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தேர்வை மனத்தில் ஆழமாக வைத்து உழைப்பவருக்கே அது கனவிலும் வருகிறது என்றும் கொள்ளலாம். வரக்கூடிய இடர்களை மூளை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கிறது என்றும் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும், கனவில் தோற்பது தோல்வியின் அறிகுறி அன்று என்பது மட்டும் உறுதி.

வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டும் தேர்வுக் கனவுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். தாவரவியல், விலங்கியல், வேதியியல் தேர்வுகளை எழுதுவதாக அவருக்குப் பெரியவரான பிறகும் அச்சக் கனவுகள் வந்தனவாம். அவையெல்லாம் அவர் வெற்றி பெற்ற பாடங்கள். சட்ட மருத்துவம் என்ற பாடத்தில் மட்டும் அவர் ஒருமுறை தோற்றிருந்தார். அந்தப் பாடம் கனவில் வந்ததே இல்லை!

விடியற்காலைக் கனவு பலிக்குமா?

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீய கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். அந்தப் பகுதிக்கே ‘கனாத்திறம் உரைத்த காதை’ என்று பெயர். பாண்டிமாதேவியும் தீய கனவு காண்கிறாள். பார்வோனின் கனவுக்கு யோசேப்பு பொருள் சொன்ன வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். காவியமும் திருநூலும் சொல்லும் அக்கனவுகள் வேறு. பௌதிகப் பாடம் முடிக்காத நமக்கு வரும் கனவு வேறு.

அப்படியானால் விடியற்காலைக் கனவுக்கு மட்டும் ஏன் இத்தனை மதிப்பு? மேலே சொன்ன சுற்றுகளை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். விடியும் நேரத்தில்தான் விரைவிழி உறக்கம் மிகுதி. ஆகவே நீண்ட, தெளிவான கனவுகள் அப்போது வருகின்றன. உடனே விழித்து விடுவதால் அவை நினைவிலும் நிற்கின்றன. நினைவில் நின்ற நூறு கனவுகளில் ஒன்று தற்செயலாய் நடந்துவிட்டால் அதையே பல ஆண்டு பேசுகிறோம். நடக்காத தொண்ணூற்றொன்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

விடுதித் தோழியருக்கு இன்னொரு செய்தி. “இரவில் பேய் வந்து அமுக்கியது, கத்தப் பார்த்தேன், குரல் வரவில்லை” என்று சிலர் சொல்வதுண்டு. அதைக் கேட்டு அந்த வரிசைக் கட்டில்களில் யாரும் விளக்கின்றிப் படுக்க மாட்டார்கள். விரைவிழி உறக்கத்தில் தசைகள் தளர்ந்து கிடக்கும் என்றோம் அல்லவா? சில வேளைகளில் மனம் விழித்துக் கொள்ளும். தசைகளின் கட்டு உடனே அவிழாது. கண் திறந்திருக்கும், கை அசையாது, நெஞ்சில் பாரம் வைத்தது போல் இருக்கும், கனவின் உருவம் ஒன்று அறையில் நிற்பது போலவும் தோன்றும். ஒருசில நிமிடங்களில் தானே விலகிவிடும். போதிய உறக்கம் இல்லாதவருக்கும் கவலை மிகுந்தவருக்கும் இது அடிக்கடி வரும். ஆகவே அந்தப் பேயை ஓட்ட வல்லது மந்திரம் அன்று, நல்ல உறக்கமே.

உறக்கத்தைத் திருடிப் படித்தால்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் 1924ஆம் ஆண்டு ஒரு சோதனை செய்தனர். இரண்டு மாணவர்களைப் பொருளற்ற எழுத்துக் கோவைகளை மனப்பாடம் செய்ய வைத்தனர். சில நாள் படித்தவுடன் உறங்கச் செய்தும், சில நாள் படித்தபின் வழக்கமான வேலைகளைச் செய்ய விட்டும், பல மணி நேரம் கழித்துக் கேட்டனர். உறங்கி எழுந்தபோது நினைவில் நின்றவை விழித்திருந்தபோது நின்றவற்றைவிடப் பல மடங்கு அதிகம். உறங்கும் நேரத்தில் மூளை அன்றைய பாடத்தை மீண்டும் புரட்டிப் பார்த்து உறுதி செய்கிறது என்று பிற்காலத்து ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. நாம் படித்ததை மூளை தன் நோட்டில் நன்றாக எழுதி வைக்கும் நேரம் உறக்கம். அந்த நேரத்தைப் பறித்துக் கொண்டு மேலும் மேலும் படித்தால், எழுத ஆளில்லாமல் சொல்லிக் கொண்டே போவது போலாகும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். இரவு பதினொன்றரைக்குப் படுத்து நான்கு மணி அலாரத்துக்கு எழுபவள் நாலரை மணி நேரம் உறங்குகிறாள். அது மூன்று சுற்று. பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுபவள் ஐந்து சுற்று உறங்குகிறாள். முன்னவள் இழப்பது வெறும் இரண்டு சுற்று அன்று. விரைவிழி உறக்கம் மிகுந்த கடைசிச் சுற்றுகள். நான்கு மணிக்கு எழுவது தவறில்லை. அதற்கு எட்டு மணிக்கே படுத்திருக்க வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டு அறிவுறுத்தியது.

உறங்காமலே இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயதுப் பள்ளி மாணவன் அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாள், விழித்திருந்தான். 1964ஆம் ஆண்டு ஜனவரியில் அச்சோதனை முடிந்தது. இறுதி நாளில் அவனை 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக் கொண்டே வரச் சொன்னார்கள். 65 வந்ததும் நின்றுவிட்டான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால், என்ன செய்து கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றான்! ஐந்தே கழித்தலுக்குள் கணக்கு மறந்த கதை இது. யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். நாம் ஒரே இரவில் செய்வதும் இதன் சிறு அளவுதான்.

நாம் செய்யக் கூடியவை

1. படுக்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். ஞாயிறன்றும் பெரிதும் மாற வேண்டாம்.

2. மாலைக்குப் பிறகு காபி, தேநீரைத் தவிர்ப்போம். உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. இரவு ஒன்பது மணிக் காபி அதிகாலை இரண்டு மணிக்கும் பாதி வேலை செய்து கொண்டிருக்கும்.

3. கடினமான பாடத்தை முன்மாலையில் முடித்துக் கொண்டு, கடைசி அரை மணியை எளிய திருப்புதலுக்கும் செபத்துக்கும் வைப்போம். கைப்பேசி கூடத்திலேயே இருக்கட்டும். அதன் வெளிச்சம் கண்ணைக் கெடுப்பதைவிட, ‘நான் எல்லாப் பாடமும் முடித்துவிட்டேன்’ என்று தோழி அனுப்பும் செய்தி நெஞ்சைக் கெடுக்கிறது!

4. படுக்குமுன் ஐந்து நிமிடம், மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைப்போம். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரிடம் இதைச் சோதித்தார்கள். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரி ஒன்பது நிமிடம் முன்பாகவே உறங்கிவிட்டனர். 2018இல் இது வெளிவந்தது. கவலையைத் தாளில் இறக்கி வைத்தால் தலையணைக்கு அது வருவதில்லை போலும்.

5. ஒரே தீய கனவு திரும்பத் திரும்ப வந்தால், அதைப் பகலில் எழுதிப் பார்த்து முடிவை மட்டும் மாற்றுவோம். நுழைவுச் சீட்டைக் காணோம். கண்காணிப்பாளர் சிரித்தபடி வேறொன்று தருகிறார். நாம் அமர்ந்து எழுதுகிறோம். இந்தப் புதிய கதையை நாள்தோறும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மருத்துவர்களே தீய கனவுகளுக்கு இம்முறையைக் கையாள்கிறார்கள்.

6. போர்வைக்குள் டார்ச் விளக்கு வைத்துப் படிக்கும் வீராங்கனைகளுக்கு ஒரு சொல்: இரவு பதினொரு மணிக்கு அரைத் தூக்கத்தில் படித்த பத்துப் பக்கம், காலையில் தெளிவாய்ப் படிக்கும் மூன்று பக்கத்துக்கு ஈடாகாது.

7. பல வாரமாகியும் உறக்கம் வரவில்லை, நாள்தோறும் அலறி விழிக்கிறோம், உணவிலும் விளையாட்டிலும் விருப்பமே இல்லை என்றால் மறைக்கக் கூடாது. அம்மாவிடமோ வகுப்பாசிரியையிடமோ சிஸ்டரிடமோ சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போல் இதற்கும் போகலாம், வெட்கப்பட ஏதுமில்லை. பிறர் தரும் தூக்க மாத்திரையை மட்டும் தொடவே கூடாது.

பெற்றோருக்கும் சிஸ்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம்

எங்கள் மேல் உள்ள அன்பினால்தான் நீங்களும் எங்களோடு விழித்திருக்கிறீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். நள்ளிரவில் அம்மா ஆற்றிக் கொடுக்கும் காபியில் இருப்பது பாசமே. ஆயினும் சிலவற்றைப் பணிவோடு கேட்டுக் கொள்கிறோம்.

எங்கள் வயதில் உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற சுரப்பு இரவில் சற்றுத் தாமதமாகவே தொடங்குகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். காலையில் எழ நாங்கள் திணறுவது முழுக்கவும் சோம்பல் அன்று. இரவில் விளக்கெரியும் வீட்டைக் கண்டு ‘அந்த வீட்டுப் பெண் எவ்வளவு படிக்கிறாள்’ என்று ஒப்பிட வேண்டாம். உறங்கப் போகும் நேரத்தில் மதிப்பெண் பேச்சு வேண்டாம். அதைக் காலையில் பேசலாம். கெட்ட கனவு கண்டு அழுதபடி எழுந்து வந்தால், சகுனம் பார்க்க வேண்டாம். “கவலைப்பட்டிருக்கிறாய், அதனால் வந்தது, போய்ப் படு” என்று தலையைத் தடவிச் சொன்னால் போதும். அந்த ஒரு சொல் எங்களுக்கு எந்தக் கையேட்டையும்விட உதவும்.

முடிவுரை

தோழியரே, கனவு நாளையைப் பற்றிப் பேசுவதில்லை. இன்றைய நம் மனத்தைப் பற்றியே பேசுகிறது. தேர்வு நாளன்று பேனாவில் மை இல்லாமல் போவதாகக் கனவு கண்டால், காலையில் எழுந்து இன்னொரு பேனாவை எடுத்துப் பையில் வைத்துக் கொள்வோம். கனவு சொல்லக் கூடிய நல்ல புத்தி அவ்வளவே. மற்றதை நம் உழைப்பும் ஆண்டவரின் ஆசீரும் பார்த்துக் கொள்ளும்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, அடுத்த ஆண்டு இந்த இருக்கைகளில் நீங்கள் அமர்வீர்கள். அப்போது உங்களுக்கும் இதே கனவுகள் வரும். அஞ்ச வேண்டாம். கால அட்டவணை எழுதும்போது எட்டுப் பாடவேளைகளோடு, உறக்கத்துக்கும் ஒரு கட்டம் போட்டு வையுங்கள். அதையும் ஒரு பாடமாகவே மதித்து, ஒருநாளும் தவறாமல் வருகை தாருங்கள்!